நைல் நதியும் நம் தாமிரபரணியும்



சென்ற மாதம் ஞாயிறு ஞானோபதேச வகுப்பில், குழந்தை மோயீசனைக் கூடையில் வைத்து நைல் நதிக்கரை நாணலுக்குள் விட்ட வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "சாமி, எகிப்துக்காரங்களுக்கு நைல் ஆறு இருந்ததாலதான் ராஜாவும் பிரமிடும் வந்துச்சுன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. நமக்கும் ஆறு இருக்கே, நமக்கு ஏன் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருமடத்தில் நான் படித்த நாட்களில் நைல், யோர்தான், யூப்ரத்து, திபேர் என்று உலகத்து ஆறுகளையெல்லாம் படித்தேன். நாம் குடித்து வளர்ந்த ஆற்றைப்பற்றி ஒரு பாடமும் படித்ததாக ஞாபகம் இல்லை. ஆகையால் அவனுக்கு, "அடுத்த மாதம் பதில் சொல்லுகிறேன்" என்று தவணை கேட்டுக்கொண்டேன். இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். அவன் கேட்ட கேள்வியைப் பெரியவர்களாகிய நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஏனெனில் நம்மில் அநேகர், "நாம் கடற்கரை ஜனங்கள், ஆறு மேற்கேயுள்ள விவசாயிகளுக்குரியது" என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நைல் நதியைப் பார்ப்போம். எகிப்து தேசத்தில் மழை அநேகமாகக் கிடையாது. நதியின் இரு கரையிலும் சில கிலோமீட்டர் அகலத்துக்குப் பசுமை, அதற்கு அப்பால் பாலைவனம். ஆனால் வெகு தொலைவிலுள்ள அபிசீனிய மலைகளில் கோடைகாலத்தில் பெய்யும் பெருமழை ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில் வெள்ளமாக வந்து, கறுப்பு வண்டலை வயல்களில் பரப்பிவிட்டு வடிந்துவந்தது. அந்த ஜனங்கள் தங்கள் நாட்டைக் 'கறுப்பு மண்' என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். மண்கரை போட்டு வயல்களைப் பாத்திகளாக்கி, வெள்ளத்தை ஒன்றரை மாதம் போலத் தேக்கி, மண் ஊறியபின் வடியவிட்டு விதைத்தார்கள். இதை ஒரு குடியானவன் தனியாகச் செய்ய முடியாது. ஊர் கூட வேண்டும், ஊர்களை ஒன்றுசேர்க்க அதிகாரி வேண்டும். வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்று அளக்கப் படிக்கட்டுகளில் கோடு வெட்டி, அந்த அளவைக்கொண்டு அவ்வருஷத்து வரியைக் கணக்கிட்டார்கள். கணக்கு வந்தால் எழுத்து தேவைப்படும். தானியம் மிஞ்சினால் களஞ்சியம் தேவைப்படும். வேதாகமத்தில் யோசேப்பு ஏழு வருஷத்துத் தானியத்தைச் சேமித்துவைத்தது இந்த நாட்டில்தான். கி.மு. 3100-ஐ ஒட்டி மேல்நாடும் கீழ்நாடும் ஒரே அரசின்கீழ் வந்தன. பெரிய பிரமிடு கி.மு. 26-ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

இனி நம் ஆறு. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலருகே கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர். நைல் நதியோ 6,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் ஆற்றைப்போல ஐம்பதை நுனிக்கு நுனி வைத்தால்தான் நைல் வரும். சிறிய ஆறுதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு பாக்கியம் இதற்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை ஆடி ஆவணியில் மலையில் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் சமவெளியிலும் சேர்ந்து பெய்கிறது. வருஷத்துக்கு இரண்டு வெள்ளம், அதனால் கார், பிசானம் என்று இரண்டு போகம். நைல் நதிக்கு ஒரே வெள்ளம்தான் இருந்தது. அது ஒரு வருஷம் பொய்த்துப்போனால் பஞ்சம்.

நம் முன்னோர்களும் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழைய அணைக்கட்டுகள். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. ஆற்றுநீர் கால்வாய் வழியாகக் குளத்துக்கும், ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்குமாகப் போகிற இந்த ஏற்பாட்டைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். மேலூர்க்காரன் மடையைத் திறக்காவிட்டால் கீழூர்க்காரனுக்குச் சோறு இல்லை. நைல் நதிக்கரையில் பாரவோன் உத்தரவிட்டுச் செய்வித்த காரியத்தை இங்கே ஊரும் ஊரும் பேசிச் சண்டையிட்டுச் சமாதானமாகிச் செய்துவந்தன.

இந்த விவசாயம் எவ்வளவு பழமையானது? ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே சிவகளை என்னும் ஊரில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தோண்டியபோது ஒரு முதுமக்கள் தாழியில் நெல்மணிகள் கிடைத்தன. அவற்றை அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 1155 என்று காலம் தெரிந்ததாக 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் சட்டசபையில் அறிவித்தார்கள். இறந்தவரோடு நெல்லையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அதே ஊரில் இரும்போடு கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்று 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை கூறுகிறது. இதைப்பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் வாதித்து முடிக்கட்டும். நெல் ஒன்றே நமக்குப் போதுமான சாட்சி.

ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. பெர்லினிலிருந்து வந்த டாக்டர் யாகோர் 1876-லும், அவருக்குப்பின் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில வருஷங்களும் அங்கே தோண்டினார்கள். பரந்த பரம்பு நிலம் முழுவதும் தாழிகள். இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பாத்திரங்களும், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்களும் கிடைத்தன. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எகிப்தியர் தங்கள் இறந்தோரைக் கறுப்பு மண்ணில் புதைக்கவில்லை, அதை ஒட்டிய வறண்ட பாலைநிலத்தில் அடக்கினார்கள். ஆதிச்சநல்லூரிலும் அப்படியே. ஆற்றுப்பாசனம் ஏறாத கல்லும் சரளையுமான மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கி, ஈரமண்ணை நெல்லுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜனங்களுக்கும் ஆறு ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

இப்பொழுது நம் கடற்கரைக்கு வருவோம். முத்துப்பார்கள் கடலில் இருக்கின்றன. ஆனால் சலாபம் நடத்துவதற்குக் கடல் மாத்திரம் போதாது. குளிப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், சாப்பிட அரிசி வேண்டும், மரக்கலங்கள் காற்றுக்கு ஒதுங்க ஓர் அமைதியான வாய் வேண்டும். மூன்றும் ஒருங்கே கிடைத்த இடம் தாமிரபரணியின் முகத்துவாரம். அங்கே எழுந்ததுதான் கொற்கை. அங்கே 1968, 69 ஆண்டுகளில் தோண்டியெடுத்த கரித்துண்டின் காலம் ஏறக்குறைய கி.மு. 785 என்று கண்டார்கள். பாண்டியரின் துறைமுகமான இதன் முத்தைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழிகளைப்பற்றி நூல் எழுதிய பெயர் தெரியாத கிரேக்கர் இதைக் கொல்கை என்று குறிப்பிட்டு, பாண்டிய ராஜாவின் முத்துக்குளிப்பு அங்கே நடப்பதாகவும், தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு அது நடத்தப்படுவதாகவும் சொல்லுகிறார். முத்துக்களை ராணிகள் அணிந்த கதையே நமக்குப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மூச்சை அடக்கிக் கடலில் இறங்கிய அந்தக் கைதிகளின் பெயர் ஒன்றாவது நம்மிடம் இல்லை.

அந்த முத்து எங்கே போயிற்று? மேற்கே போன சரக்குகள் கப்பலேறிச் செங்கடலுக்குப் போய், எகிப்து தேசத்தின் பெரெனிகே முதலான துறைகளில் இறங்கின. அங்கிருந்து ஒட்டகத்தின்மேல் பாலைவனத்தைக் கடந்து கொப்தோஸ் என்ற ஊரில் நைல் நதியை அடைந்தன. நதிப்படகில் அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து ரோமாபுரிக்கும் சென்றன. ஆக, தாமிரபரணியின் வாயில் விலைபேசப்பட்ட முத்து நைல் நதியின்மேல் பிரயாணம் செய்திருக்கிறது. பெரெனிகேயிலும் குசைர் என்ற துறையிலும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. நம்மவர்களில் யாரோ அங்கே போய்த் தங்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்கள்! வகுப்பில் கேள்வி கேட்ட சிறுவனுக்கு இதைச் சொன்னால் கண்கள் விரியும் என்று நினைக்கிறேன்.

இனி கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. கடலுக்கு ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் பனைக்கும் நடுவே, சிறிய கிராமமாக இருக்கிறது. என்ன நடந்தது?

வெள்ளக்காலத்தில் ஆற்றுத்தண்ணீரை ஒரு செம்பில் மொண்டு ஓரிரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் விரற்கடை சேறு படிந்திருக்கும். வேகமாக ஓடும்வரையில் ஆறு அந்த மண்ணைச் சுமக்கும். கடலைத் தொட்டவுடன் வேகம் குறையும், சுமையை இறக்கிவிடும். அலை அதை மறுபடியும் கரைக்குத் தள்ளி வாயிலில் மணல் திட்டாக ஒதுக்கும். மன்னார் வளைகுடாவோ ஆழமில்லாதது. ஒரு தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாது. நூறு வருஷத்தில் மரக்கலம் தரைதட்டும், ஐந்நூறு வருஷத்தில் துறைமுகம் வயலாகும். கொற்கை வயல்களில் தோண்டும்போது சங்கும் சிப்பியும் அகப்படுவது இதனால்தான். எந்த மண் நெல்லைத் தந்து ஊரை உண்டாக்கியதோ, அதே மண் துறைமுகத்தை அடைத்தது.

இதை முதலில் விளக்கமாக எழுதியவர் இடையன்குடியிலிருந்த கால்டுவெல் ஐயர். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர், ஆங்கிலிக்கன் மேற்றிராணியார். ஆனாலும் கையில் மண்வெட்டியோடு கொற்கைக்கும் பழைய காயலுக்கும் போய்த் தோண்டிப்பார்த்து, 1881-ல் தமது திருநெல்வேலிச் சரித்திர நூலில் எழுதிவைத்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கடல் விலகியபோது ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஆற்றின் வாய் போன இடத்துக்கு அவர்களும் போனார்கள். கிழக்கே காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயல் பெரிய பட்டணம் என்றும், ஓர்முசிலிருந்தும் ஏதேனிலிருந்தும் குதிரையேற்றிய கப்பல்கள் அங்கே வருகின்றன என்றும் எழுதினார். முத்துக்குளிப்பில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் கணக்குச் சொல்லுகிறார். அவர் கண்ட காயல் பழைய காயலே என்பது கால்டுவெல் ஐயரின் முடிவு. காயல்பட்டினத்தார் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று பக்கத்தில் பக்கத்தில் மூன்று காயல்கள் இருப்பதே போதும். காயல் என்றால் கடலோரத்துக் கழி. அந்த ஊர்ப்பெயர்களே ஆற்றின் சரித்திரத்தைச் சொல்லுகின்றன.

பழைய காயலும் தூர்ந்தது. அடுத்து புன்னைக்காயல். நம் விசுவாச வாழ்வு வேர்விட்ட ஊர்களில் அது ஒன்று. அர்ச்சியசிஷ்ட சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப்பின் வந்த அன்றிக்கு அடிகள் அங்கே நெடுங்காலம் தங்கி, தமிழைக் கற்று, 1586-ல் புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். இந்திய மொழிகளில் வேறெதற்கும் அப்பொழுது அச்சு நூல் கிடையாது. அச்சு எழுத்துக்களும் காகிதமும் அந்த ஊருக்கு எப்படி வந்தன என்று யோசித்துப்பாருங்கள். ஆற்றின் வாய் அங்கே இருந்தது, ஆகையால் போர்த்துக்கீசியர் அங்கே இருந்தார்கள், ஆகையால் கப்பல் வந்தது.

1580-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் தங்கள் முக்கிய இருப்பிடத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். கரையில் அடிக்கடி நடந்த சண்டைகளும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு புதுமை இருக்கிறது. அதுவரையில் ஒவ்வொரு துறைமுகமும் ஆற்றைப் பின்தொடர்ந்து போயிற்று. தூத்துக்குடியோ ஆற்றின் வாயைவிட்டு வடக்கே விலகி நிற்கிறது. இங்கே வண்டல் வந்து அடைப்பதில்லை. வான் தீவும் முயல் தீவும் மற்றத் தீவுகளும் முன்னே நின்று அலையைத் தடுக்கின்றன. மகா அலெக்சாந்தர் கி.மு. 331-ல் எகிப்தில் நகரம் அமைத்தபோதும் இதேமாதிரிதான் நடந்தது. நைல் நதியின் வாய்களுக்கு மேற்கே அவர் இடம் தேர்ந்தார். கடல் நீரோட்டம் வண்டலைக் கிழக்கே கொண்டுபோய்விடுவதால் அலெக்சாந்திரியா தூராமல் இருந்தது. கிழக்கேயிருந்த பழைய துறைமுகங்கள் பல மண்ணில் புதைந்தன. தூத்துக்குடியிலும் கரையருகே ஆழம் போதாமல், நீராவிக் கப்பல்கள் வெகுதூரத்தில் நங்கூரமிட, தோணிகள் சரக்கு ஏற்றியிறக்கிய காலம் நீண்டகாலம் இருந்தது. பின்பு கல்லைக் கொட்டி அலைதாங்கி கட்டிய புதிய துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

ஆற்றைவிட்டு விலகியதற்கு நாம் ஒரு விலை கொடுத்தோம். அது தாகம். உப்பளத்துக்கு ஏற்ற வறட்சி மனிதனுக்கு ஏற்றதல்ல. நம் பாட்டிமார் குடத்தோடு அலைந்த கதைகளை வீட்டில் முதியவர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள். நகரசபைத் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து அவர்கள் அரும்பாடுபட்டு வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டுத் தாமிரபரணித் தண்ணீரை 1927-ல் ஊருக்குள் கொண்டுவந்தார். மூன்றரை நூற்றாண்டுக்குமுன் ஆற்றைவிட்டு வந்தவர்களைத் தேடி ஆறு குழாய் வழியாக வந்துசேர்ந்தது என்று சொல்லலாம். இன்று காலையில் உங்கள் வீட்டில் காப்பி போட்ட தண்ணீரும் அநேகமாகப் பொதிகை மலையில் பெய்த மழைதான்.

அந்த ஆறு அழையாமலும் வரும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வண்டி வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைசிக் குளமான கோரம்பள்ளம் உடைத்துக்கொண்டது. நம் தெருக்களில் நின்ற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தீர்களா? கொற்கையை மூடிய அதே கலங்கல்தான்.

இன்று கவலை வேறுவிதமாயும் இருக்கிறது. எகிப்தில் 1970-ல் அஸ்வான் பேரணை முடிந்தது. மின்சாரமும் பாசனமும் பெருகின. வண்டலோ அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது, உரம் வாங்கிப் போடவேண்டியதாயிற்று, முகத்துவாரக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. நம் ஆற்றில் மணலை லாரியில் அள்ளினார்கள். அதை எதிர்த்து 2010-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே வாதாடித் தடை வாங்கியவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணு. அவருடைய கட்சியின் கொள்கை வேறு, நம்முடையது வேறு. செய்த காரியம் நம் எல்லோருடைய கிணற்றுக்காகவும் செய்தது. மணல் போன ஆற்றில் நல்ல தண்ணீர் தங்காது, கடல்நீர் உள்ளே ஏறும். அதைத் தடுக்க முக்காணிக்கு அருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணையே கட்டவேண்டியதாயிற்று.

ஆக, தம்பி, உன் கேள்விக்குப் பதில் இது. எகிப்தியர் கட்டிய பிரமிடு கட்டிய இடத்தில் நின்றது. நம் ஆற்றின் வாய் நகர்ந்துகொண்டே இருந்தது. நம்மவர்கள் கட்டியதை அதுவே மூடியது, அவர்கள் எழுந்து அடுத்த இடத்தில் கட்டினார்கள். உன் காலடியில்தான் எல்லாம் இருக்கிறது.

அவனைக் கொற்கைக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலைப் பூசை முடிந்தவுடன் ஏரல் வழியாகப் போகிறோம். அங்கே மிகப் பழைய வன்னிமரம் ஒன்று இருக்கிறது. குளத்தங்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது, வயலும் பனையும் தெரியும். திரும்பும்போது புன்னைக்காயலுக்கும் போய், ஆறு கடலில் சேரும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். வர விரும்பும் பிள்ளைகள் வியாழக்கிழமைக்குள் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவேண்டும். மத்தியானத்துக்குக் கட்டுச்சோறும், குடிக்கத் தண்ணீரும் அவரவர் கொண்டுவரவும்.